இந்தச் செடி எங்கிருந்து வந்தது?

யுத்தத்துக்குப் பின்னர் எமது பெண்கள் பலர் கைக்கொண்ட சுயதொழில்களில் பூச்செடி வளர்ப்பும் ஒன்று. தையல் இயந்திரத்துக்குப் பணம் வேண்டும். ஆடு, மாட்டுக்கு இடம் வேண்டும். பூச்சாடிக்கு முற்றம் போதும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1977 வன்செயலில் மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து கிளிநொச்சிக்குப் போனவர்கள் என் பெற்றோர். 2009 இல் கணவரையும் வீட்டையும் இழந்து, முகாமில் இருந்து, பின்பு அக்காவின் ஆதரவில் மாத்தளைக்கே திரும்பி வந்தேன். இன்று ரத்தோட்டை வீதியோரம் ஒரு சிறிய செடிக்கடை வைத்திருக்கிறேன்.

அந்தூரியமும் குரோட்டனும் விற்ற காலம் போய், இப்போது வாடிக்கையாளர்கள் கைத்தொலைபேசியில் படம் காட்டி வெளிநாட்டுச் செடி கேட்கிறார்கள். கொழும்பில் தருவிப்பவர்களிடம் நாங்கள் வாங்குகிறோம். அவர்களுடைய பட்டியலில் சில ஓர்கிட் செடிகளுக்கு நேரே ‘காட்டு ரகம்’ என்று போட்டிருக்கும். விலையும் கூட. அரிய பொருள் என்பதால் கேட்போரும் உண்டு. இந்தக் ‘காட்டு ரகம்’ பற்றித்தான் சகோதரிகளுடன் பேச விரும்புகிறேன்.

நான் இதைச் சிந்திக்கத் தொடங்கியதற்குக் காரணம், எங்கள் பக்கத்துத் தோட்ட லயன்களுக்கு வந்த ஒரு தரகர். நக்கிள்ஸ் மலைச்சரிவில் வளரும் செடிகளின் படங்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றில் ஒன்று சிங்களத்தில் ‘வனராஜா’ எனப்படும் தரை ஓர்கிட். அதன் அழகு பூவில் இல்லை, இலையில். வெல்வெட் துணிபோன்ற கரிய இலையில் பொன்னிழை ஓடியது போல நரம்புகள் இருக்கும். வேரோடு கொண்டுவந்தால் செடிக்கு 100 ரூபா என்றார். வெளிநாட்டு நாற்றுமேடை ஒன்றுக்கு அனுப்புவாராம். வேலைநாள் குறைந்திருந்த மாதம் அது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பிடிபட்டா யாரு வந்து எங்கள எடுப்பாங்க?” என்று ஒரு வயதான அம்மா கேட்டார். அவர் பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு கடைக் கணக்குப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான். நான் வாங்கும் வெளிநாட்டுக் ‘காட்டு ரகத்தை’ மரத்திலிருந்து பிய்த்து எடுத்தவளும் எங்களைப் போன்ற ஒரு மலைநாட்டுப் பெண்ணாக இருக்கலாம். அவளுக்கும் இப்படி ஒரு நூறு ரூபாதான் கிடைத்திருக்கும்.

கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்துள்ள நக்கிள்ஸ் காடு 2000 ஆம் ஆண்டில் பேணல் காடாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் இலங்கையின் மத்திய மலைநாட்டுடன் சேர்த்து உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அதற்குள் ஏலம் பயிரிட்டுப் பிழைத்தவர்கள் அந்தத் தொழிலை விடவேண்டி வந்தது. ஏழையைக் காட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பணமுள்ளவனின் பூச்சாடிக்குக் காட்டைப் பெயர்த்துக் கொடுப்பது என்ன நியாயம்?

காட்டிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் தாய்மார் கீரை பறித்தார்கள், பழம் பொறுக்கினார்கள், சுள்ளி எடுத்தார்கள். மறுமழைக்கு அவை திரும்ப வந்தன. ஓர்கிட் அப்படியல்ல. அதன் ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் இலட்சக்கணக்கில், தூசிபோன்ற விதைகள் உண்டு. ஆனால் விதைக்குள் உணவு இல்லை. முளைப்பதற்கு ஒருவகைப் பூஞ்சணத்தின் துணை வேண்டும். பிழைப்பவை மிகச் சில. அவையும் பூக்கும் பருவத்துக்கு வரப் பல வருடங்கள் எடுக்கும். பூக்கும் செடிகளைத்தான் சேகரிப்பவர் முதலில் எடுக்கிறார். விதை தரும் தாய் போய்விட்டால் பிறகு என்ன மிஞ்சும்?

வியட்நாமில் ஒரு செருப்புப்பூ ஓர்கிட்டுக்கு 1999 இல்தான் அறிவியற் பெயர் சூட்டினார்கள். செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் மலையேறினார்கள். சில வருடங்களுக்குள் அது காட்டில் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. இன்று அதே இனத்தை நாற்றுமேடைகளில் விதையிலிருந்து வளர்த்து விற்கிறார்கள். சற்றுப் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது. எங்களுக்கு அருகே, தென்னிந்தியாவின் அகத்தியமலைப் பக்கத்தில் மட்டும் வளரும் மஞ்சள் செருப்புப்பூ ஓர்கிட்டும் சேகரிப்பவர்கள் அள்ளியதால் அழிவின் விளிம்பில் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1975 இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1979 இல் சேர்ந்தது. உலகின் எல்லா ஓர்கிட் இனங்களும் அதன் பட்டியல்களில் உள்ளன. நாற்றுமேடையில் இனம்பெருக்கிய செடிகளை உரிய சான்றிதழுடன் நாடு விட்டு நாடு விற்கலாம். இங்கேதான் ஓட்டை. காட்டுச் செடியைச் சில மாதம் சாடியில் வைத்திருந்து, நாற்றுமேடைச் செடி என்று பத்திரம் எழுதுகிறார்கள். பாங்கொக்கின் சத்துசக் சந்தையில் காட்டு ஓர்கிட்கள் வெளிப்படையாகவே விற்கப்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பத்திரம் இருக்கிறது என்பதால் மட்டும் செடி சுத்தமானதாகிவிடாது.

எங்கள் நாட்டு வல்லப்பட்டை மரத்தின் கதை தெரியும்தானே? அதில் அகில் உண்டு என்று 2012 அளவில் தெரியவந்த பின்பு மரங்களை வெட்டினார்கள், கட்டுநாயக்காவில் பொதி பொதியாகப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களைத்தான் பத்திரிகையில் கண்டோம். வாசனைத் தைலம் பூசியவர்களைக் காணவில்லை.

“நான் வாங்காவிட்டால் இன்னொருத்தி வாங்குவாள், ஏற்கனவே பிடுங்கிய செடிதானே, நானாவது காப்பாற்றுவேன்” என்று என் சிநேகிதி வாதாடினாள். இரக்கமான பேச்சுத்தான். ஆனால் கடைக்காரியாகச் சொல்கிறேன்: விற்றுப்போன சரக்கைத்தான் மறுபடி எடுப்போம். ஒன்றைக் காப்பாற்ற நீங்கள் கொடுக்கும் காசு, அடுத்த பத்தைப் பிடுங்கச் சொல்லும் கட்டளை. அத்துடன், வேர் அறுந்து வரும் காட்டுச் செடி பலவேளை சில மாதங்களில் பட்டுவிடும். நட்டமும் உங்களுக்கே.

பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நாற்றுமேடைச் செடிகள் ஒரே அளவாக, இலை சுத்தமாக, வேர் சாடியின் வடிவத்துக்குச் சுற்றியிருக்கும். காட்டுச் செடியில் பழைய இலைகளில் பூச்சி தின்ற அடையாளம், பாசி, வேரில் ஒட்டிய மரப்பட்டை, முறிந்து காய்ந்த வேர்கள் இருக்கும். ஒரே கட்டில் பெரிதும் சிறிதும் கலந்திருந்தால் கேள்வி கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் செடி கொண்டுவர விரும்பினால், தாவரத் தொற்றுத்தடை சேவையின் இறக்குமதி அனுமதி வேண்டும் என்பதை முன்பே சொல்லுங்கள். இல்லையேல் விமானநிலையத்தில் பறிபோகும்.

கொழும்பு வியாபாரிக்கு இப்போது மூன்று கேள்விகள் எழுதி அனுப்புகிறேன். எந்த நாற்றுமேடை? விதையிலா, திசு வளர்ப்பிலா, பிரித்து நட்டதா? தாய்ச்செடி அவர்களிடம் இருக்கிறதா? ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் போத்தலில் வளர்த்த டென்ட்ரோபியம் கன்றுகளின் படம் அனுப்பினார். அவரிடம் 40 கன்று எடுத்தேன். டென்ட்ரோபியம் தண்டில் குட்டி விடும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் வெட்டி, தேங்காய் மட்டைத் துண்டில் கட்டி, நிழலில் வைத்தால் தனிச்செடி. லயனில் உள்ள நான்கு பெண்களுக்குத் தாய்ச்செடி கொடுத்திருக்கிறேன். குட்டி ஒன்றை 150 ரூபாவுக்கு நானே திரும்ப வாங்குகிறேன். தரகர் மறுபடியும் வந்தாராம். “எங்க செடி வாசல்லயே காய்ச்சி நிக்குது” என்று அந்த வயதான அம்மா சொல்லி அனுப்பிவிட்டார்.