பழைய வெந்நீர்க் கீசரை எப்பொழுது மாற்றலாம்?

குளிர்மிகுந்த மேலை நாடுகளில் வீட்டுப் பாய்லர் என்பது அறைகள் அனைத்தையும் சூடாக்கும் சாதனமாகும். நம் நாட்டின் சமவெளிகளில் அதற்கு அத்தகைய வேலை இல்லை. குளிப்பதற்கு வெந்நீர் கிடைத்தால் போதும். எனினும், பழைய சாதனத்தை நீக்கிச் சிக்கனமான புதிய சாதனத்தைப் பொருத்தலாமா என்னும் வினா இரண்டு இடங்களிலும் ஒன்றே.

தாணா மாவட்டத்தைச் சேர்ந்த டோம்பிவிலியை எடுத்துக்கொள்வோம். மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகரத்திலிருந்து திரளான மக்கள் நாள்தோறும் மின்சார ரயிலில் வேலைக்குச் செல்கின்றனர். ஒருவர் விடியுமுன் குளிப்பார். மற்றொருவர் பள்ளி நேரத்திற்குக் குளிப்பார். இரவில் திரும்புபவர் மீண்டும் வெந்நீர் கேட்பார். ஆகவே, பல வீடுகளில் கீசரின் சுவிட்ச் நாள் முழுவதும் அணைக்கப்படுவதில்லை. செலவின் இரகசியம் இங்கேதான் உள்ளது.

வெப்பம் வெளியேறும் வழி

முற்காலத்தில் மகாராஷ்டிர இல்லங்களில் ‘பம்ப்’ என்றும், தமிழ் இல்லங்களில் ‘பாய்லர்’ என்றும் வழங்கிய செம்புப் பாத்திரத்தைப் பலர் அறிவர். அதன் நடுக்குழாயில் கரியோ விறகோ எரியும்; சுற்றிலும் நீர் நிற்கும். எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரைச் சேராமலே குழாயின் வழியே புகையோடு மேலே போய்விடும்.

ஐரோப்பாவின் பழைய எரிவாயு பாய்லர்களிலும் குறை இதுவே. புகையோடு செல்லும் நீராவியைக் குளிர்வித்து, அதன் உள்ளுறை வெப்பத்தையும் மீட்கும் பாய்லர்கள் பின்னர் தோன்றின. இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டு முதல், சில விலக்குகள் நீங்கலாக, புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள் இவ்வகையினவாக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது.

மின்சாரக் கீசரில் புகையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. கம்பிச் சுருள் நீருக்குள் மூழ்கியிருப்பதால், அது பழையதாயினும் புதியதாயினும் மின்சாரம் தரும் வெப்பம் பெரும்பாலும் முழுவதுமாக நீரையே சேருகிறது. ஆகவே, நீரைச் சூடாக்குவதில் புதிய கீசர் அதிகம் மிச்சப்படுத்துவதில்லை. சூடான நீரைச் சூடாகவே வைத்திருப்பதில்தான் வேற்றுமை காணப்படுகிறது. தொட்டியைச் சுற்றியுள்ள வெப்பக் காப்பு மெல்லியதாகவோ சிதைந்தோ இருந்தால், ஒருவரும் குளிக்காத வேளையிலும் வெப்பம் சுவர் வழியே கசிந்துகொண்டிருக்கும். கீசர் அதனை ஈடுசெய்ய மீண்டும் மீண்டும் மின்சாரத்தை உண்ணும்.

ஓர் எளிய சோதனை

15 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீரை 24 டிகிரியிலிருந்து 40 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.28 யூனிட் மின்சாரம் தேவை. இதை அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

இரவில் கடைசியாக ஒருவர் குளித்தபின், கீசரின் விளக்குத் தானாக அணையும்வரை காத்திருந்து சுவிட்சை நிறுத்துக. வெந்நீர்க் குழாயைத் திறக்கலாகாது. பத்து மணி நேரம் கழிந்தபின் மீண்டும் சுவிட்சைப் போட்டு, விளக்கு அணைவதற்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொள்க. 2 கிலோவாட் கீசர் 12 நிமிஷம் எரிந்தால், இரவில் இழந்த வெப்பம் 0.4 யூனிட் ஆகும். நாள் முழுவதும் சுவிட்ச் போட்டிருந்தால் இழப்பு ஏறத்தாழ 1 யூனிட். அதாவது, மூன்று வாளி வெந்நீருக்கு மேற்பட்ட செலவு வீணாகிறது. ஓராண்டில் இது 365 யூனிட்டாகும். பள்ளி மாணவர்களும் பெரியோர் துணையுடன் இச்சோதனையைச் செய்து கணக்கிடலாம்.

மாற்றுவதா, அணைப்பதா?

எல்லோரும் ஒரே வேளையில் அடுத்தடுத்துக் குளிக்கும் குடும்பத்தில், அரை மணி முன்பு சுவிட்சைப் போட்டுக் குளித்தவுடன் நிறுத்தினாலே இழப்பின் பெரும்பகுதி தவிரும். பழைய கீசர் பழுதின்றி இருந்தால், அதனை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. வெப்ப அளவை 60 டிகிரியிலிருந்து சிறிது குறைப்பதும் இழப்பைக் குறைக்கும். ஆனால் 50 டிகிரிக்குக் கீழே நீரை நெடுநேரம் தேக்கிவைப்பது நன்றன்று. லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி அதில் பெருகக்கூடும்.

வேளை வேறுபட்டுக் குளிக்கும் குடும்பங்களுக்கே மாற்றம் மிகுந்த பயனளிக்கும். 2002-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கீசர்களுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்குகிறது. நீரைச் சூடாக வைத்திருக்கையில் 24 மணி நேரத்தில் இழக்கப்படும் மின்சாரமே இதற்கு அடிப்படை. ஆகவே, நட்சத்திரங்களை எண்ணுவதோடு நில்லாமல், அட்டையிலுள்ள இழப்பு அளவையும் சோதனையில் கண்ட அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தேவைக்கு மிஞ்சிய பெரிய தொட்டியை வாங்கினால் சிக்கனம் குறையும்.

பாதுகாப்பு

சிக்கனத்திற்காக அன்றிப் பாதுகாப்பிற்காகவே மாற்ற வேண்டிய கீசர்களும் உண்டு. தொட்டி கசிந்தாலோ, உடலைத் தொடும்போது மின் அதிர்ச்சி தோன்றினாலோ, உடனே மின் இணைப்பை நிறுத்திவிட வேண்டும். 25 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் அளவு விரிவடைகிறது. அதனால் அழுத்தம் மிகும்போது அதனை வெளிவிடும் வால்வை ஒருபோதும் அடைத்தல் ஆகாது. மாடிக் கட்டடங்களில் மேல்தொட்டி ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்திற்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தருவதால், கீழ்த்தளத்தில் பொருத்தும் கீசர் அதனைத் தாங்கவல்லதா என்று பார்த்தே வாங்குக.

மின்கட்டணத்திற்கு அஞ்சி எரிவாயுக் கீசரை நாடுவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மூடிய குளியலறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு உண்டாகலாம். நிறமும் மணமும் அற்ற இந்த வாயு உயிரைப் போக்கவல்லது. அத்தகைய கீசரைக் குளியலறைக்கு வெளியே, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துவதே முறை.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் மக்களிடம் வலியுறுத்த வேண்டியது இதுவே: முதலில் சாதனம் பாதுகாப்பானதா என்று பார்க்க, பின்னர் இழப்பை அளந்தறிக, அதன்பின் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தைக் கைக்கொள்க. அப்பொழுதும் இழப்பு மிகுதியாயிருந்தால் புதிய கீசர் வாங்குவது பொருத்தமான செலவே ஆகும்.