பாஸ்போர்ட் படத்துக்குப் பூட்டு: முதலில் சுருக்கு, பிறகு குலை

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிநாட்டவர் தங்கும் விடுதிகளும் வாடகை வீடுகளும் நிறைய. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். அதற்கான படிவத்தை ‘சி படிவம்’ என்று சொல்லிப் பழகியவர்கள் அங்கே நிறைய. இதற்காக பாஸ்போர்ட், விசா படங்கள் போனுக்குப் போன் போகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வழியில் யாரும் பார்க்க முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்த போனின் கேலரியில் படம் திறந்தே கிடக்கும். படக் கோப்பையே பூட்டி அனுப்புவதுதான் பாதுகாப்பு. அதற்கு இரண்டு படிகள்: முதலில் கோப்பைச் சுருக்குவது, பிறகு சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி குலைப்பது.

சுருக்குவது எப்படி?

1.2 கோடி புள்ளிகள் கொண்ட வண்ணப்படம், புள்ளிக்கு 3 பைட் வீதம் 36 எம்பி பிடிக்கும். ஜேபெக் முறை அதைச் சில எம்பிக்குள் அடக்கிவிடும். பாஸ்போர்ட்டில் பெயருக்கும் முகப்படத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நிறம்தான். படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்து, இந்த ஒற்றுமையைக் கணக்கிட்டு, கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களை ஜேபெக் விட்டுவிடுகிறது. அதற்கு அடிப்படையான கணக்கை 1974-ல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். இவர்களில் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர்.

குலைப்பது எப்படி?

குலைக்க, ஒழுங்கு தெரியாத எண் வரிசை ஒன்று வேண்டும். அதை உருவாக்க ஒரு வழி இது: 0.3 என்ற எண்ணை எடுங்கள். 1-லிருந்து அதைக் கழித்தால் 0.7. இரண்டையும் பெருக்கி, மீண்டும் 4-ஆல் பெருக்கினால் 0.84. அந்த விடையை வைத்து இதையே திரும்பச் செய்தால் 0.5376. பன்னிரண்டாவது முறை வருவது 0.554. இப்போது 0.3001-லிருந்து தொடங்குங்கள். முதல் விடை 0.8402, பெரிய வித்தியாசமில்லை. பன்னிரண்டாவது விடையோ 0.147! தொடக்கத்தில் இம்மியளவு மாறினாலும் முடிவு எங்கோ போய்விடுகிறது. கேயாஸ் என்று அறிவியலார் சொல்வது இதைத்தான்.

தொடக்க எண்தான் சாவி. அதிலிருந்து பிறக்கும் எண் வரிசையைக் கொண்டு கோப்பின் பைட்டுகளை இடம் மாற்றி, மதிப்பையும் மாற்றுகிறார்கள். சாவி உள்ளவர் அதே வரிசையை உருவாக்கி, செய்ததை எல்லாம் தலைகீழாகச் செய்து படத்தை மீட்பார்.

ஏன் சுருக்கம் முதலில்?

சுருக்கத்துக்குத் தேவை ஒற்றுமை. குலைத்த கோப்பில் அது துளியும் இருக்காது. பிறகு சுருக்க எதுவும் மிஞ்சாது. அதனால் சுருக்கம் முதலில், பூட்டு பிறகு. பூட்ட வேண்டிய பைட்டுகளும் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும்.

நாம் எதைப் பயன்படுத்தலாம்?

கேயாஸ் பூட்டுகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சரக்குதான். கணினி தசம இலக்கங்களை ஓரளவுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. ஆகவே எண் வரிசை என்றாவது திரும்பி வந்தே தீரும். இப்படி முன்மொழியப்பட்ட பல பூட்டுகளை ஆய்வாளர்கள் உடைத்தும் காட்டியிருக்கிறார்கள். அன்றாடத் தேவைக்கு 2001-ல் அமெரிக்கா தரநிலையாக்கிய ஏஇஎஸ் என்ற பூட்டு முறை போதும். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் ஏஇஎஸ்-256 பூட்டு இருக்கிறது. அதுவும் சுருக்கிவிட்டுத்தான் பூட்டுகிறது. பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள். அதைக் கோப்போடு சேர்த்து அனுப்பாமல், போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், பூட்டாத படத்தை கேலரியிலிருந்து அழித்துவிடச் சொல்லவும் மறக்காதீர்கள்.