வாள் வீச்சும் மனக் கணக்கும்

வீடியோ விளையாட்டு என்றவுடன், விரலை விரைவாக அசைப்பவன் வெல்வான், மற்றவன் தோற்பான் என்று பெரியவர்களாகிய நாங்கள் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பு எவ்வளவு பொருந்தும் என்பதை, மாணவ நண்பர்களே, ஒரே ஒரு விளையாட்டைக் கொண்டு ஆராய்வோம்.

ஜப்பானிய நாம்கோ நிறுவனத்தார் 1998ஆம் ஆண்டில், காசு போட்டு ஆடும் கூடங்களுக்கென 'சோல்காலிபர்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மறு ஆண்டே அது ட்ரீம்காஸ்ட் கருவியின் வழியாக வீடுகளுக்குள்ளும் புகுந்தது. இருவர் எதிரெதிரே நின்று படைக்கலங்களால் பொருதுவதே ஆட்டம். கதை பதினாறாம் நூற்றாண்டில் நிகழ்வது. தீய வாள் ஒன்றைத் தேடிப் பல நாட்டு வீரர் புறப்படுகின்றனர். மிட்சுருகி என்பவன் ஜப்பானிய வாளும், கிலிக் நீண்ட கோலும், கிரேக்க மங்கை சொபிட்டியா குறுவாளும் கேடயமும் ஏந்தியவர்கள். ஐவி என்பாளின் வாளோ சவுக்கைப்போல நீளும். கதை என்னை அவ்வளவாகக் கவரவில்லை. போரின் இலக்கணமே கவர்ந்தது.

கிடைவீச்சு, நெடுவீச்சு, உதை, தடுப்பு எனப் பொத்தான்கள் நான்கே. நெடுவீச்சு மேலும் கீழுமாகச் செல்வது. ஆதலால் ஓரடி பக்கவாட்டில் விலகினால் எதிரியின் வாள் காற்றையே வெட்டும். விலகுபவனைப் பிடிப்பதற்குக் கிடைவீச்சு இருக்கிறது. அங்ஙனமாயின் எப்பொழுதும் கிடைவீச்சையே வீசலாமே என்று கேட்பீர்கள். கிடைவீச்சுகளுள் பல தலை மட்டத்தில் வருவன. குனிந்தால் அவை மேலே போய்விடும். குனிந்தவன்மேலோ நெடுவீச்சு இறங்கும். எதையும் வெல்லும் அடி என்று ஒன்று இதில் இல்லை. நின்று தடுத்தால் காலை நோக்கி வரும் வெட்டுப் படும்; கையால் பற்றி எறிந்துவிடவும் கூடும்.

இனிக் காலக் கணக்கைப் பாருங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. விரைவான வெட்டு ஒன்று ஏறக்குறைய 12 படங்களுக்குள், அதாவது விநாடியின் ஐந்தில் ஒரு பங்கிற்குள், எதிரியை அடைந்துவிடும். கண் கண்டதை மூளை உணர்ந்து விரல் அசைவதற்கே மனிதனுக்கு அவ்வளவு காலம், சிலருக்குச் சற்று மிகுதியாகவும், ஆகிறது. ஆகவே கனமான மெதுவீச்சைக் கண்டு தடுக்கலாம். விரைவீச்சைக் கண்டபின் தடுத்தல் அரிது. அவன் வீசுமுன்பே, இன்னதுதான் வீசுவான் என்று துணிந்திருத்தல் வேண்டும்.

அத்துணிவு எதிலிருந்து பிறக்கிறது? எதிரியின் வழக்கத்திலிருந்து. தன் வெட்டு ஒருமுறை தடுக்கப்பட்டால் உடனே பின்வாங்குகிறானா, பதற்றத்தில் மீண்டும் வீசுகிறானா, குனிகிறானா என்பதை முதற் சுற்றிலேயே கவனிப்பவன் இரண்டாம் சுற்றில் அதைப் பயன்படுத்துகிறான். தேர்வு நாளில் விடைகளை ஒப்புவிக்கும் பிள்ளைகளைப் போல, பொத்தான் வரிசைகளை மட்டும் மனப்பாடம் செய்தவன் இங்கே திகைத்து நிற்பான்.

இவ்வூகத்திற்கு மிகப் பெரிய பரிசு தருவது, வரும் படைக்கலத்தைத் தட்டிவிடும் முறை. குறித்த நொடியில் தடுப்புப் பொத்தானோடு முன்னோ பின்னோ அழுத்தினால் எதிரி நிலைகுலைவான். நொடி தவறினால் அடி தன்மேல் விழும். தட்டப்பட்டவனும் அடுத்த வெட்டைத் திருப்பித் தட்டலாம் என்பதால், "நான் தட்டுவேன் என்று அவன் எண்ணுவான் என்று நான் எண்ணுகிறேன்" என மனக்கணக்கு படிப்படியாக ஆழ்ந்துபோகும். வேண்டுமென்றே ஒரு கணம் தாமதித்து வீசி, முந்தித் தட்டியவனை ஏமாற்றுவோரும் உண்டு.

இடத்திற்கும் கணக்குண்டு. நீண்ட கோலுடையவன் தொலைவை விரும்புவான். குறுவாளுடையவள் அருகே நுழைய முயல்வாள். மேடை விளிம்பிலிருந்து விழுந்தால், உயிர்வலிமை எவ்வளவு மீந்திருந்தாலும் அச்சுற்று தோல்வியே. ஆதலால் தோற்கும் நிலையிலுள்ளவன் மெல்ல மெல்லத் தன் முதுகை விளிம்பிலிருந்து திருப்பி, எதிரியை அங்கே நிற்கவைக்கப் பார்ப்பான். இத்தொடரின் இரண்டாம் விளையாட்டு 2003இலும், ஆறாம் விளையாட்டு 2019இலும் அமெரிக்காவின் 'ஈவோ' போட்டியில் ஆடப்பட்டன. அத்தகைய ஆட்டத்தைக் காண நேர்ந்தால் வாளைப் பாராமல் கால்களைப் பாருங்கள். யார் யாரை எத்திசையில் தள்ளுகிறார்கள் என்பது விளங்கும்.