நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் எண்

தில்லையாடி வள்ளியம்மையை நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, வெளியே வந்த கையோடு 1914-இல் 16 வயதில் இறந்ததும் அங்கேதான். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தில்லையாடியில் அவர் வாழ்ந்ததில்லை. ஆனாலும் குடும்பத்தின் ஊர் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. தென் ஆப்பிரிக்கத் தமிழர்களில் இப்படி ஊர்ப்பெயர் தங்கிய குடும்பங்கள் கொஞ்சம்தான். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பல வீடுகளில் மாரியம்மன் படம் இருக்கிறது, தைப்பூசக் காவடி இருக்கிறது, தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்பது மட்டும் இல்லை.

அவர்களில் ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “எங்கள் முன்னோர் இந்தப் பக்கம்தான் என்று பாட்டி சொல்வார். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்? பல சமயம் முடியும். அது எப்படி என்று டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் அவர்கள் போன கதை. 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் 342 பேரோடு போய் நின்றது. அன்று அந்த நாட்டுப் பகுதியின் பெயர் நேட்டால், ஆங்கிலேயர் ஆட்சி. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி. இடையில் சில வருடங்கள் நின்று, 1874-இல் மறுபடி தொடங்கி, 1911-இல் இந்த ஆள் அனுப்புதல் முடிந்தது. அதற்குள் 1,52,184 பேர் போயிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகக் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும்.

ஒவ்வொருவரையும் எழுதி வைத்தார்கள். அன்பினால் இல்லை, கணக்குக்காக. தோட்ட முதலாளி ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டியிருக்கிறார். அந்த ஆள் எங்கே இருக்கிறார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, ஓடிப்போனால் எப்படிப் பிடிப்பது என்பது அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். ஆகவே கப்பல்வாரியாகப் பதிவேடுகள். ஒரு வரியில் ஓர் ஆள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், கப்பலின் பெயர், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்று வரிசையாகப் போகும். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம் என்று படிக்கும்போது கை சற்று நின்றுவிடும். நூறு வருடங்களுக்கு முன் கப்பலேறிய ஏழை மனிதருக்கு இவ்வளவு துல்லியமான பதிவு இருப்பது அபூர்வம். நம் ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணனைப் பற்றி இதில் பாதிகூடக் கிடைக்காது.

இனி நாம் நிதானமாக நிற்க வேண்டிய இடம். தேடுகிறவர்கள் அனேகமாக எல்லோரும் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். “நாங்கள் கவுண்டர் குடும்பம்”, “எங்கள் பெயர் பிள்ளை”, “நாங்கள் முனுசாமி குடும்பம்” என்று. அந்தப் பெயரைப் பதிவேட்டில் தேடினால் தாத்தா கிடைப்பார், தமிழ்நாட்டில் தேடினால் சொந்தக்காரர் கிடைப்பார் என்ற நம்பிக்கை. இந்த ஒரு நம்பிக்கைதான் ஏராளமான தேடல்களைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது.

நமக்கு இது உடனே விளங்கும். கப்பலேறியவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அவர் முனியன், தகப்பன் சின்னப்பன், அவ்வளவுதான். தென் ஆப்பிரிக்கச் சட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. ஆகவே பிள்ளைகள் காலத்தில் ஒன்று உண்டாயிற்று. மூத்த மகனுக்குத் தகப்பன் பெயர் ‘முனியன்’ குடும்பப் பெயராகப் பதிவானது என்று வைத்துக்கொள்வோம். இளையவர் தாத்தா பெயரைக் கொடுத்திருப்பார். மூன்றாமவர் ஊரில் கேள்விப்பட்ட ஒரு பட்டத்தைச் சேர்த்திருப்பார். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அந்நியர் என்று நினைத்துக்கொண்டு அடுத்தடுத்த தெருவில் இருக்கக்கூடும்.

பட்டப் பெயர் இருந்தாலும் அது வழி காட்டாது. கவுண்டர் என்ற பட்டத்தைக் கோவைப் பக்கம் ஒரு சாதியார் வைத்துக்கொள்கிறார்கள், வேலூர், தருமபுரிப் பக்கம் இன்னொரு சாதியார். டர்பனில் ‘கவெண்டர்’ என்று ஆகிவிட்ட பெயரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பேருந்து ஏறுவது? புது நாட்டில் பழைய சாதியைக் கைவிட்டு வேறு பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் பட்ட பாட்டுக்கு அது நியாயமே. எழுத்துக் கூட்டலும் நிலையாக இல்லை. குமாஸ்தாவின் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரே மனிதர் கப்பல் பதிவேட்டில் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றில் வேறு மாதிரி இருப்பார்.

மாறாமல் நின்றது எண் ஒன்றுதான். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஓர் எண் உண்டு. அதைக் காலனி எண் என்பார்கள். நம் அரசு மருத்துவமனையில் “முருகேசன்” என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள், ஓ.பி. சீட்டில் உள்ள எண்ணைச் சொன்னால் ஒருவர்தான் வருவார். அதே கதைதான். காலனி எண் கிடைத்தால் பதிவேட்டின் அந்த ஒற்றை வரி கிடைக்கும். அந்த வரியில் கிராமம் இருக்கும்.

எண்ணை எங்கே பிடிப்பது? கொள்ளுத்தாத்தாவிடம் தொடங்கக் கூடாது. இன்று உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் தொடங்க வேண்டும். அவருடைய பிறப்புச் சான்று, அவர் பெற்றோரின் கல்யாணப் பதிவு, தாத்தாவின் இறப்பு அறிவிப்பு என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். நேட்டாலில் இந்தியர்களின் பிறப்பு, கல்யாணப் பதிவுகளில் பெற்றோரின் காலனி எண்ணைக் குறிப்பது வழக்கமாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த சீட்டு எந்தப் பெட்டியிலாவது இருந்தால் அதிலும் இருக்கும். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி - லுத்துலி ஆவண மையத்திலும் தேடலாம்.

வரி கிடைத்தவுடன் மேலும் கீழும் உள்ள வரிகளையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த எண்கள் விழுந்திருக்கும். சேர்ந்து புறப்பட்ட ஒரே ஊர்க்காரர்களும் அப்படிப் பக்கத்திலேயே நிற்பதுண்டு. நம் ஆளின் கிராமப் பெயர் சிதைந்திருந்தாலும் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கலாம்.

ஊர்ப்பெயரைப் படிப்பதில் நம் உதவி உண்மையாகவே தேவைப்படும். பழைய பட்டியல்களில் சாதி என்ற இடத்தில் ‘மலபார்’ என்று எழுதியிருந்தால் கேரளத்துக்குக் கிளம்ப வேண்டாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களை அப்படித்தான் சொன்னார்கள். ‘ஜென்டூ’ என்றால் தெலுங்கர். குடும்பக் கதையில் ‘மெட்ராஸ்’ என்று வந்தால் அது பெரும்பாலும் கப்பலேறிய இடம். மாகாணத்துக்கும் அதே பெயர். ஜில்லாவை இன்றைய மாவட்டமாக எண்ணக் கூடாது. வட ஆற்காடு ஜில்லாவுக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகர். ஆகவே வட ஆற்காடு என்று எழுதியிருந்தால் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். திருத்தணி 1960-இல்தான் நம்மிடம் வந்தது. திருப்பத்தூர் ஒரு காலத்தில் சேலம் ஜில்லா. விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் தென் ஆற்காடு. தாலுகாவைப் பிடித்துக்கொண்டு, எழுதியிருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். அந்தத் தாலுகாக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடனுக்கோ, வீட்டுச் சண்டைக்கோ, சாதி விட்டுக் கல்யாணம் செய்ததற்கோ பயந்து ஓடியவர்கள் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பதிவேடு பொய் சொல்லாது, அதில் பேசிய மனிதர் சொல்லியிருக்கலாம். வரி கிடைத்தும் ஊரில் ஒரு துப்பும் இல்லையென்றால் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஊர் தெரிந்துவிட்டது. இனி யாரைக் கேட்பது? பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்ப் பிறப்புப் பதிவு கேட்டுப் பயனில்லை. அவ்வளவு பழைய பதிவு அங்கே இராது. நிலப் பதிவேடுகள் பழையவை இருக்கும், ஆனால் நிலம் இருந்தவர்களின் பெயர்தான் அதில் வரும். கப்பலேறியவர்களில் ஏராளமானோர் கூலிகள். அதனால் ஊரின் பெரிய வீட்டில் விசாரித்துவிட்டு, “அப்படி யாரும் இல்லை” என்ற பதிலோடு திரும்பிவிடக் கூடாது. பதிவேட்டில் எழுதியிருப்பது ஊரின் பெயர். அவர் வாழ்ந்தது அந்த ஊரின் சேரியாக இருக்கலாம். அங்கே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். வந்தவரைத் தெரிந்த தெருவுக்கு மட்டும் கூட்டிப்போகும் உள்ளூர் உதவியால் கிடைத்த ஊரும் கிடைக்காமல் போகும்.

கேட்கும் விதமும் முக்கியம். “முனியனைத் தெரியுமா?” என்றால் யாருக்கும் தெரியாது. “இந்த வகையறாவில் கப்பலுக்குப் போனவர்கள் உண்டா?” என்று கேட்டால் ஏதாவது ஒரு பாட்டி நிமிர்ந்து பார்ப்பார். குலதெய்வம் எது, பங்காளிகள் எத்தனை வீடு, எந்தக் கிளை ‘வாரிசு இல்லை’ என்று விட்டுப்போனது என்று கேட்க வேண்டும். நம் ஊரில் எழுத்து நிற்கிற இடத்தில் குலதெய்வக் கோயில் தொடங்குகிறது. பங்காளிகள் யார், சம்பந்தி முறை யார் என்பதைக் கோயில் பூசாரியும் தலைக்கட்டு வரி எழுதுகிறவரும் மறக்க மாட்டார்கள். அங்கிருந்து வந்தவரிடமும் இதையே கேளுங்கள்: வீட்டில் யாருக்குக் கிடா வெட்டினார்கள், யாருக்குக் கூழ் ஊற்றினார்கள், எந்தச் சாமி பெயரைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வைத்தார்கள்? நேட்டாலில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதி நடத்திய மரபு நம் செஞ்சிப் பக்கத்து, ஆற்காட்டுப் பக்கத்து மரபுதான். குடும்பம் தன் ஊரை மறந்தாலும் சாமியை அனேகமாக மறப்பதில்லை.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பார்கள். அது இரண்டு பக்கமும் சோதனை செய்துகொண்டால்தான் உறவைக் காட்டும். நம் கிராமங்களில் அதைச் செய்துகொண்டவர்கள் மிகக் குறைவு என்பதால் இப்போதைக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொரீஷியஸில் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இதே மாதிரிப் பதிவுகள் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமே உண்டு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903 முதல். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு, அவை சுவா நகரத்து ஆவணக் காப்பகத்தில். ஆனால் இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலோர் போனது கங்காணி வழியாக. ஊர்க்காரரே வந்து சொந்தத்தையும் சேரியையும் கூட்டமாக அழைத்துப்போன முறை அது. அங்கே ஆளுக்கொரு வரி எழுதிய பதிவேட்டை எதிர்பார்க்க முடியாது. தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் ஊரையும் கண்டுபிடித்தால், கூட்டத்தின் ஊரும் பெரும்பாலும் அதுவாகவோ பக்கத்திலோ இருக்கும்.

இந்த வேலை இரண்டு கரையிலும் நடக்க வேண்டும். டர்பனில் ஒருவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணுக்கு உரியவரை நினைவு வைத்திருக்கும் கடைசி ஆள் நம் ஊரில் முதுமையில் இருக்கக்கூடும். அடுத்த முறை குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது மூத்தவர்களிடம் கேளுங்கள்: நம் வகையறாவில் நேட்டாலுக்கோ, மொரீசுக்கோ, ரங்கூனுக்கோ, கண்டிச் சீமைக்கோ போய்த் திரும்பாதவர் யார்? அவர் பெயர், அவர் தகப்பன் பெயர், அன்றைய தாலுகா, குலதெய்வம் ஆகிய நாலையும் ஒரு நோட்டில் எழுதி, கோயில் கணக்கோடு வைத்துவிட்டு வாருங்கள்.