ஹைதராபாத் ஒட்டுக்கேட்பு வழக்கு: அழிக்கப்பட்டது எது, மிஞ்சியது எது?

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. தெலங்கானாவில் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டன. ஒன்பதரை ஆண்டுகள் ஆண்ட பாரத் ராஷ்டிர சமிதி தோற்றது. 119 இடங்களில் 64-ஐப் பிடித்தது காங்கிரஸ். மறுநாளே மாநில உளவுத் துறையின் சிறப்பு நுண்ணறிவுப் பிரிவான எஸ்.ஐ.பி.யின் தலைவர் பிரபாகர் ராவ் பதவி விலகினார். அன்று இரவு அந்த அலுவலகத்தில் நடந்ததாகக் காவல்துறை சொல்வது இது: கண்காணிப்பு கேமராக்கள் அணைக்கப்பட்டன. டி.எஸ்.பி. பிரணீத் ராவ் கணினிகளிலிருந்து டஜன் கணக்கில் ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றினார். அவை உடைத்து நொறுக்கப்பட்டு மூசி ஆற்றில் வீசப்பட்டன. நாகோல் பாலத்தருகே சில துண்டுகளைத் தேடி எடுத்ததாகவும் காவல்துறை கூறியது.

அரசியல் திரில்லர் எடுக்கும் இயக்குநர் ஒருவர் இதை அப்படியே முதல் காட்சியாக வைக்கலாம். ஆனால் இது இன்னும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுக்கிறார்கள். பாரத் ராஷ்டிர சமிதி இதை அரசியல் பழிவாங்கல் என்கிறது. கட்டுரையைப் படித்து முடிக்கும்வரை வாசகர் இதை மறக்கக் கூடாது.

எஸ்.ஐ.பி. என்பது மாவோயிஸ்டுகளின் நடமாட்டத்தைக் கண்காணிக்க ஏற்படுத்தப்பட்ட பிரிவு. ஒட்டுக்கேட்கும் வசதியும் அதற்காகவே அதனிடம் இருந்தது. வழக்கை விசாரிக்கும் காவல்துறைப் புலனாய்வுக் குழுவின் வாதப்படி, பிரணீத் ராவ் தலைமையில் உள்ளுக்குள் ஒரு தனி அணி இயங்கியது. மாவோயிஸ்டுத் தொடர்பு என்ற பெயரில் எதிர்க்கட்சித் தலைவர்கள், அவர்களுக்குப் பணம் கொடுத்ததாகக் கருதப்பட்ட தொழிலதிபர்கள், பத்திரிகையாளர்கள் ஆகியோரின் எண்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நீதிபதி ஒருவரின் தொலைபேசியும் கேட்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, 2024 ஜூனில் தெலங்கானா உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

வழக்கு தொடங்கிய விதத்தைக் கவனியுங்கள். 2024 மார்ச் 10 அன்று பஞ்சகுட்டா காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர் எஸ்.ஐ.பி.யின் அதிகாரி ஒருவர்தான். அந்தப் புகாரின் மையம் யாருடைய பேச்சு கேட்கப்பட்டது என்பதல்ல. ஆதாரம் அழிக்கப்பட்டது, அரசு உடைமை சேதப்படுத்தப்பட்டது என்பதே. சில நாட்களில் பிரணீத் ராவ் கைதானார். பிரபாகர் ராவ் அப்போது அமெரிக்காவுக்குப் போயிருந்தார். உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தந்த பிறகு 2025 ஜூனில் ஹைதராபாத் திரும்பினார். அதே நீதிமன்றத்தின் உத்தரவுப்படி டிசம்பரில் புலனாய்வுக் குழுவிடம் சரணடைந்தார்.

இந்த நகரத்துக்கு இது முதல் ஒட்டுக்கேட்பு சர்ச்சையும் அல்ல. 2015 மே 31 அன்று சட்ட மேலவைத் தேர்தலுக்கு முதல் நாள், நியமன எம்.எல்.ஏ. ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் கொடுக்க முயன்றதாக அன்றைய தெலுங்கு தேசம் எம்.எல்.ஏ. ரேவந்த் ரெட்டியை ஊழல் தடுப்புப் பிரிவு கைது செய்தது. மறைவாக வைத்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஒரு வாரத்தில், ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் குரல் என்று சொல்லப்பட்ட ஒரு தொலைபேசி உரையாடல் தொலைக்காட்சிகளில் ஒலித்தது. எங்கள் முதல்வரின் பேச்சையே தெலங்கானா அரசு ஒட்டுக்கேட்கிறது என்று ஆந்திரம் கொதித்தது. தெலங்கானா மறுத்தது. ஹைதராபாத் அப்போது இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகரம்; ஒரே நகரத்தில் இரண்டு அரசுகள் ஒன்றின் மீது ஒன்று வழக்குப் போட்டுக்கொண்டன. அன்று கைதான ரேவந்த் ரெட்டிதான் 2023 டிசம்பர் 7 அன்று தெலங்கானா முதல்வரானார். இன்றைய விசாரணை நடப்பது அவருடைய ஆட்சியில். எதிர்த்தரப்பு பழிவாங்கல் என்று சொல்வதற்கும், ஆளும் தரப்பு நாங்களே பாதிக்கப்பட்டோம் என்று சொல்வதற்கும் இந்தப் பழைய கணக்கே அடிப்படை.

ஒட்டுக்கேட்பு ஊழலுக்கு உலகம் அறிந்த முன்னோடி வாட்டர்கேட். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தவர்கள் பிடிபட்டார்கள். அதைத் தோண்டிய இரண்டு செய்தியாளர்களின் கதை 1976-ல் 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' என்ற படமானது. அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சனை வீழ்த்தியவை அவரே தன் அறையில் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள். ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்திருந்தது. அந்த வெற்றிடம்கூட அவருக்கு எதிராகவே பேசியது. இந்தியாவிலும் ஒரு முதல்வர் இதில் பதவி இழந்திருக்கிறார். 1988-ல் கர்நாடகத்தின் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புப் புகாரால் விலகினார்.

ஒட்டுக்கேட்பில் திருட்டு போனவருக்குத் திருட்டு போனது தெரியாது. பூட்டு உடையாது, பொருள் குறையாது. கேட்டவரின் கணினியில் இருக்கும் பதிவு மட்டுமே குற்றத்தின் தடயம். அதை அழித்தால், குற்றமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியும். நம் படங்களில் கடைசி அரை மணி நேரத்தில் கதாநாயகன் கையில் ஒரு பென் டிரைவ் கிடைத்துவிடும். அசல் வாழ்க்கையில் புலனாய்வாளர்கள் வேறு வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஓர் எண்ணைக் கேட்க வேண்டுமானால் அந்தக் கோரிக்கை தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிக்குப் போக வேண்டும், உள்துறையின் ஒப்புதல் வேண்டும், மறு ஆய்வுக் குழுவின் முன் கோப்பு வர வேண்டும். அலுவலகத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க் நொறுங்கினாலும் இந்த மூன்று இடங்களிலும் சுவடு மிஞ்ச வாய்ப்பு உண்டு. 2025 ஜூனில் காங்கிரஸ், பா.ஜ.க. தலைவர்கள் பலரைப் புலனாய்வுக் குழு சாட்சிகளாக அழைத்தது. மாநில காங்கிரஸ் தலைவர் மகேஷ் குமார் கவுட் ஜூபிலி ஹில்ஸ் காவல் நிலையத்துக்குச் சென்று வாக்குமூலம் கொடுத்தார். தங்கள் எண் பட்டியலில் இருந்ததைப் பலர் அப்படித்தான் உறுதியாக அறிந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு சூழல்களில்தான் ஒட்டுக்கேட்பை அனுமதித்தது. 1996 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், தொலைபேசிப் பேச்சும் அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்துறைச் செயலரின் உத்தரவு தேவை, அதை ஒரு குழு மறு ஆய்வு செய்ய வேண்டும் என்ற நடைமுறையும் அப்போது வந்தது. பிறகு தந்தி விதிகளில் 419ஏ என்று அது இடம்பெற்றது. மாநில அளவில் அந்தக் குழுவில் தலைமைச் செயலர், சட்டத் துறைச் செயலர், இன்னொரு செயலர் என மூவர். மூவரும் அரசு அதிகாரிகள். நீதிபதி ஒருவரும் கிடையாது. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். உத்தரவு போடும் அரசே அந்த உத்தரவைச் சரிபார்க்கிறது.

அதே விதியில் இன்னொரு வரியும் இருந்தது. பணிக்குத் தேவைப்படாத ஒட்டுக்கேட்புப் பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும். குடிமக்களின் பேச்சு காலமெல்லாம் அரசிடம் கிடக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வைத்த வரி அது. ஆனால் பதிவை அழிப்பதே கடமை என்று இருக்கும்போது, கடமைக்காக அழித்ததையும் மறைப்பதற்காக அழித்ததையும் எப்படிப் பிரித்தறிவது? யார் அழித்தார், எந்த உத்தரவின்படி, எந்த நேரத்தில், எந்த முறையில் என்ற எழுத்துப் பதிவு இருந்தால் மட்டுமே முடியும். ஹைதராபாத் வழக்கில் இரவு, கேமரா, தேர்தல் முடிவின் மறுநாள் என்ற சூழ்நிலைகளைக் காவல்துறை அடுக்கிக் காட்டுவது இதனால்தான். 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் புதிய விதிகள் வந்தன. ஆறு மாத அழிப்பும், அதிகாரிகள் மட்டுமே அமர்ந்த மறு ஆய்வும் அவற்றிலும் தொடர்கின்றன.

நீதிமன்றங்கள் இந்தக் குழுவை வெறும் சடங்காகப் பார்க்கவில்லை. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், லஞ்ச வழக்கு ஒன்றுக்காக 2011-ல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க இரகசியமாக ஒட்டுக்கேட்பதைப் பொதுப் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது என்றார். கேட்ட உரையாடல்கள் மறு ஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படாததும் அந்த ஆதாரத்தை வீழ்த்தியது.

அமெரிக்காவில் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி குற்ற வழக்கில் ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டும். கேட்பது முடிந்த 90 நாட்களுக்குள், உங்கள் பேச்சு கேட்கப்பட்டது என்று பொதுவாக அந்த நபருக்கே அறிவிக்கவும் வேண்டும். காரணம் காட்டினால் நீதிபதி அதைத் தள்ளிவைக்கலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஜூபிலி ஹில்ஸ் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டவர்களுக்காவது விவரம் தெரிந்தது, ஆட்சி மாறி ஒரு குற்ற வழக்கு பதிவானதால். மற்ற மாநிலங்களில், மற்ற ஆட்சிகளில் கேட்கப்பட்டவர்களுக்கு அதைச் சொல்லும் பொறுப்பு இன்றுவரை எந்த அதிகாரிக்கும் இல்லை.