அவஸ்தையா, ஆறுதலா?

"அத்தைக்கு ரொம்ப மூச்சு வாங்குது. ஃபாதரைக் கூப்பிடலாமாங்க?" என்று மருமகள் கேட்கிறார். மகனிடமிருந்து உடனே பதில் வருகிறது: "இப்ப வேண்டாம். ஃபாதரைப் பார்த்தா அம்மா பயந்துடுவாங்க."

பல கத்தோலிக்க வீடுகளில் கேட்கிற பேச்சுதான் இது. இரண்டு நாள் கழித்து அம்மா ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடக்கும்போது, அதே மகன் நடுராத்திரியில் பங்குச் சாமியாருக்கு போன் போடுவார். சாமியாரும் வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பார். ஆனால் அந்த அம்மாவால் வாய் திறந்து பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. நன்மை வாங்க முடியாது. வாழ்நாள் முழுக்க ஞாயிறு பூசை தவறாதவருக்குக் கடைசியில் கிடைத்திருக்க வேண்டியது, பிள்ளையின் பாசத்தாலேயே தவறிப்போகிறது.

இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் பெயர்தான். ஏழு திருவருட்சாதனங்களை (பழைய ஜெபப் புத்தகங்களில் 'தேவதிரவிய அனுமானங்கள்') மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இது 'அவஸ்தைப் பூசுதல்'. அவஸ்தை என்றால் மரண அவஸ்தை. "அவஸ்தை கொடுத்தாச்சா?" என்று ஒரு வீட்டு வாசலில் யாராவது கேட்டால், உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார் என்றே தெருவே முடிவு கட்டிவிடும். லத்தீனில் இருந்த பெயரும் 'கடைசிப் பூசுதல்' என்ற பொருளில்தான் இருந்தது.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. நோயாளி திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்றுதான் யாக்கோபின் திருமுகம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. சாகக் கிடப்பவர் என்று அதில் இல்லை. கி.பி. 416இல் பாப்பரசர் முதலாம் இன்னொசென்ட் எழுதிய ஒரு கடிதத்தைப் பார்த்தால், ஆயர் மந்திரித்த எண்ணெயைச் சாதாரண விசுவாசிகளே தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் பூசிக்கொண்டது தெரிகிறது. பிற்காலத்தில்தான் இது குருக்கள் மட்டுமே செய்வது என்றாகி, சாவுப் படுக்கையோடு ஒட்டிக்கொண்டது. இடைக்கால ஐரோப்பாவில், பூசுதல் பெற்றுப் பிழைத்தவர் இனி வெறுங்காலோடு நடக்கக்கூடாது, தாம்பத்தியம் கூடாது என்றெல்லாம் மூடநம்பிக்கை பரவியது. பிறகு யார் துணிந்து சாமியாரைக் கூப்பிடுவார்கள்?

திரெந்து பொதுச்சங்கம் 1551இல் இதைப் பற்றி விவாதித்தபோது ஒரு சுவாரஸ்யம் நடந்தது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு 'மட்டுமே' என்று முதல் வரைவில் இருந்தது. இறுதி ஆவணத்தில் அது 'சிறப்பாக' என்று மாற்றப்பட்டது. அந்த ஒரு சொல்தான் கதவை முழுக்கச் சாத்திவிடாமல் வைத்தது. நானூறு ஆண்டுகள் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைத் திறந்தது. 'நோயில் பூசுதல்' என்பதே பொருத்தமான பெயர். உயிர் ஊசலாடும்போதுதான் என்றில்லை, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்றது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையைக் கொடுத்தார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் பூசி, அந்தந்தப் புலனால் செய்த பாவத்துக்கு மன்னிப்பு கேட்பார்கள். இப்போது நெற்றியிலும் கைகளிலும் மட்டும். ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளில் வேறு தாவர எண்ணெய் போதும் என்றும் அனுமதி வந்தது.

பழைய முறையை விரும்புகிறவர்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. நோயாளிகள் தினமான பிப்ரவரி 11 போன்ற நாட்களில் கோயிலில் பொதுவாகப் பூசுதல் நடக்கும்போது, லேசான முழங்கால் வலிக்காரரும் வரிசையில் நின்றுவிடுகிறார். நல்மரணத்துக்கான தயாரிப்பு, வருடாந்திர ஆசீர்வாதம் போல ஆகிவிட்டது என்கிறார்கள். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. திருச்சபைச் சட்டமும் ஆபத்தான நிலையைத்தான் சொல்கிறது. தலைவலி, காய்ச்சலை அல்ல. நல்மரணத்துக்காகச் சூசையப்பரிடம் தினமும் வேண்டிக்கொண்ட பாட்டிமார்கள் சாவைப் பற்றிப் பேச நம்மைப் போலக் கூச்சப்பட்டதும் இல்லை. பெயர் மாறியதால் மட்டும் நம் பயம் போய்விடவில்லை என்பதற்கு அந்த ஐ.சி.யூ. வாசலே சாட்சி.

சரி, எப்போது கூப்பிடலாம்? கடுமையான நோய்க்காக ஆபரேஷன் என்றால், அதற்கு முன்பே. நோயே இல்லாவிட்டாலும் முதுமையால் மிகவும் தளர்ந்துவிட்டால். குணமாகி மறுபடி விழுந்தாலும், அதே நோய் முற்றினாலும், இன்னொரு முறை பெறலாம். விவரம் தெரிந்த வயதுக் குழந்தைக்கும் உண்டு. நினைவில்லாதவருக்கும், நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்றால் கொடுக்கலாம். உயிர் போய்விட்டதா என்ற சந்தேகம் இருந்தாலும் கொடுக்கலாம். போனது உறுதி என்றால் கிடையாது, ஜெபம் மட்டுமே. மருத்துவமனையில் இருக்கும் கன்னியாஸ்திரியோ உபதேசியாரோ பூச முடியாது. குரு மட்டுமே பூச முடியும். அதனால்தான் 'கடைசி நேரத்தில் பார்த்துக்கலாம்' என்பது இவ்வளவு ஆபத்தான பேச்சு.

கொரோனா காலத்தில் அந்தக் கடைசி நேரமும் இல்லாமல் போனது. குருக்களை வார்டுக்குள் விட முடியாத நிலையில், வத்திக்கான் 2020 மார்ச் 20இல் நோயாளிகளுக்குப் பரிபூரணப் பலன் அறிவித்தது. பூசுதல் பெற முடியாமல் சாகிறவர்களையும் அது விட்டுவிடவில்லை. அவசியம் என்றால் கையால் தொடாமல் ஒரு கருவியால் பூசலாம் என்று சட்டத்திலேயே இருப்பதால், உள்ளே போக முடிந்த சில குருக்கள் பஞ்சில் தோய்த்துப் பூசினார்கள்.

வீட்டில் என்றால் ஏற்பாடு சின்னதுதான். கட்டில் பக்கத்தில் ஒரு சிறு மேஜை, வெள்ளைத்துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி, தீர்த்தம். டி.வி.யை அணைத்துவிடுங்கள். முதலில் பாவசங்கீர்த்தனம்; அப்போது எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், கதவோரம் நிற்கக்கூட கூடாது. பிறகு உள்ளே வந்து சுற்றி நின்று ஜெபிக்கலாம். பூசுதல் முடிந்ததும் நன்மை. விழுங்க முடியாதவருக்குச் சின்னத் துண்டு போதும் என்று சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

இத்தனைக்கும் முன்னால், அம்மாவிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: "ஃபாதரை வரச் சொல்லட்டுமாம்மா?" பயப்படுவார் என்று நாம் நினைக்கிறவர், "இவ்வளவு நாளா ஏன்டா சொல்லல?" என்று கேட்டாலும் கேட்பார்.