சவுண்ட் பிளாஸ்டரும் அசெம்பிளி மொழியும்

தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் சிம் லிம் ஸ்குவேர். 90களில் அங்கே கணினி வாங்கியவர்களுக்கு சவுண்ட் பிளாஸ்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிம் வோங் ஹூ 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் வெளியிட்ட ஒலி அட்டை அது. அதுவரை பெரும்பாலான பிசிகளில் விளையாட்டு என்றால் ‘பீப்’ சத்தம்தான்.

டாஸ் காலத்தில் ஒலி விஷயத்தில் இயங்குதளம் கைகொடுக்காது. விளையாட்டே அட்டையோடு நேரடியாகப் பேச வேண்டும். அதற்குப் பலர் நம்பியது அசெம்பிளி மொழியை. பைத்தானில் ஒரு வரி, செயலிக்குள் பல கட்டளைகளாக விரியும். அசெம்பிளியிலோ ஏறக்குறைய ஒரு வரிக்கு ஒரே கட்டளை: இந்த எண்ணைப் பதிவேட்டில் வை, அதை அந்த போர்ட்டுக்கு அனுப்பு.

அட்டையின் வழக்கமான முகவரி, பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில், 220. விளையாட்டு முதலில் அதையொட்டிய 226ஆம் போர்ட்டில் 1 எழுதும். 3 மைக்ரோவினாடி பொறுத்து 0 எழுதும். சற்றுக் கழித்து 22ஏ போர்ட்டைப் படித்தால் ‘ஏஏ’, அதாவது நம் கணக்கில் 170, வர வேண்டும். வந்தால் அட்டை இருக்கிறது.

இசைக்கு யமஹா சில்லு. போட்டியாளரான ஆட்லிப் அட்டையில் இருந்த அதே சில்லு என்பதால், ஏற்கெனவே வந்திருந்த விளையாட்டுகளும் இதில் பாடின. ஆனால் இந்தச் சில்லுக்கு அவசரம் ஆகாது. ஒரு மதிப்பை எழுதினால் அடுத்ததற்கு 23 மைக்ரோவினாடி காத்திருக்க வேண்டும். நிரலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சில்லுக்குரிய 388ஆம் போர்ட்டைச் சும்மா 35 முறை படித்தார்கள்! செயலியின் வேகம் கூடினாலும் போர்ட்டைப் படிக்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது. பார்ப்பதற்கு வெட்டி வேலை. என்னைக் கேட்டால், கெட்டிக்காரத்தனம்.

பழைய விளையாட்டுகளை ஆராய்வோருக்கும் இந்த எண்கள்தான் துப்பு. மூலநிரல் தொலைந்துபோனாலும் டிஸ்அசெம்பிளர் கட்டளைகளை மீட்டுத் தரும்; எழுதியவர் வைத்த பெயர்களும் குறிப்புகளும் மட்டும் திரும்பாது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே இசைப் பகுதி எங்கே என்று திணறினால், 388ஐத் தேடினால் போதும்.

நீங்களும் முயலலாம். பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் இயக்கும் டாஸ்பாக்ஸில், டாஸின் டெபக் நிரலைச் சேர்த்துத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் ‘ஓ 226 1’, ‘ஓ 226 0’, ‘ஐ 22ஏ’ என மூன்று வரிகளைத் தட்டிப் பாருங்கள்.